தாத்தாவின் பத்திரம்

செங்கோட்டை

அன்புள்ள கணபதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முட்டிவலி தேவலையா? இங்கே சாரல் ஆரம்பித்துவிட்டது. ஓடு ஒழுகுகிறதே என்று மச்சில் ஏறினேன், தாத்தாவின் தகரப்பெட்டி கையில் அகப்பட்டது. அடியில் ஒரு பழைய நிலப் பத்திரம், ஓரமெல்லாம் செல்லரித்துப் போய். தலைப்பில் திருவிதாங்கூர் சங்கு முத்திரை. கொல்லம் ஆண்டு 1109. உள்ளே முழுக்க மலையாள எழுத்து. கீழே தாத்தாவின் கையெழுத்து மட்டும் தமிழில், கோணல்மாணலாக.

அதை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இனச்சண்டை ரத்தத்திலேயே ஊறினது, யாராலும் மாற்ற முடியாது என்று நீ எழுதியிருந்தாயே, அதுதான் மனதில் ஓடியது. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், கணபதி.

நம்ம ஊரையே எடுத்துக்கொள். 1956 அக்டோபர் 31 வரை திருவிதாங்கூர்-கொச்சி, மறுநாள் திருநெல்வேலி ஜில்லா. அது ஒன்றும் சும்மா நடக்கவில்லை. தமிழ்ப் பகுதிகளைத் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்ட போராட்டத்தில், 1954 ஆகஸ்டில் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டு உயிர்கள் போயின. தேவிகுளமும் பீர்மேடும் நமக்குக் கிடைக்காமல் கேரளத்திலேயே நின்றுவிட்டனவே என்ற ஆதங்கம் அப்பாவுக்குக் கடைசிவரை இருந்தது. ஆனாலும் கேரளத்தில் நின்றுவிட்ட தென்மலைப் பக்கம் இருந்த தாத்தாவின் நிலம் தாத்தாவுடையதாகவே இருந்தது. அதை விற்றுத்தான் அத்தை கல்யாணம் நடந்தது. அப்புறம் என் தங்கையைப் புனலூரில் கொடுத்தோம். எல்லை மாறியது, அதற்காக யாரும் வீடுவாசலை விட்டு ஓட வேண்டியிருக்கவில்லை.

நீ கேட்ட, காக்கசஸ் மலைப் பக்கத்துக் கராபாக்கில் நடந்தது வேறு. ஆர்மீனியர்கள் அதிகம் வாழ்ந்த அந்த மலைநாட்டை 1923-இல் அஜர்பைஜானுக்குள் தன்னாட்சிப் பகுதியாக வைத்தது சோவியத் அரசு. குறைகள் இருந்தன, ஆனாலும் அறுபது வருஷத்துக்கு மேல் அண்டை அயலாக இருந்தார்கள்; பெண் கொடுத்து எடுத்தவர்களும் உண்டு. 1988-இல் மாஸ்கோவின் பிடி தளர்ந்தபோது, நாளைக்கு நமக்கு யார் காவல் என்ற பயம் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டது. அஜர்பைஜானின் சும்கயித் நகரத்தில் ஆர்மீனியர்களைக் கொன்றார்கள். பின்னால் வந்த போரில் லட்சக்கணக்கான அஜர்பைஜானியர்கள் ஊரைவிட்டு ஓடினார்கள். 2023 செப்டம்பரில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான ஆர்மீனியர்கள் சில நாட்களில் கராபாக்கைக் காலிசெய்தார்கள். பழைய அரசர்களையும் கோயில் கற்களையும் காட்டி ‘இது எங்கள் மண்’ என்று இரண்டு தரப்பும் சொல்லின. அந்தப் பழங்கதைகள் முன்பும் இருந்தவைதானே? பயந்து கிடந்த ஜனங்களிடம் அவை எடுபட்டன.

இலங்கைக்கு வா. 1948-இல் ஒரு சட்டம் மலையகத் தோட்டத் தமிழர்களைக் குடியுரிமை இல்லாதவர்கள் ஆக்கியது. இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று கணக்குப் போட்டது. அப்படி அங்கிருந்து வந்த மேலத்தெரு அட்டன் ஆச்சியை நினைவிருக்கிறதா? கொழுந்து பறித்த விரல்நுனியில் கறுப்புக் கறை கடைசிவரை போகவில்லை. அங்கே இந்தியாக்காரி, இங்கே சிலோன்காரி. நாமும் சின்ன வயதில் அப்படித்தான் கூப்பிட்டோம். இப்போது நினைத்தால் நெஞ்சு உறுத்துகிறது. அந்தக் கிழவிமேல் யாருக்கு என்ன பரம்பரைப் பகை? ஓட்டு யாருக்கு, நிலம் யாருக்கு என்று மேலே இருந்தவர்கள் போட்ட கணக்கு அது.

சரி, பத்திரத்துக்கு வருகிறேன். எனக்கு அந்த எழுத்து படிக்க வராது. புனலூர் மச்சானிடம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். படித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். வந்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்,
சுப்பையா