எங்கள் தச்சுப் பட்டறைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

காரைக்குடிப் பக்கம் பிரிக்கப்பட்ட பழைய வீடுகளின் மரத்தாலேயே எங்கள் பட்டறை எழுந்து நிற்கிறது. 20 அடி அகலம், 30 அடி நீளம், மேலே மங்களூர் ஓடு. தூணும் உத்திரமும் கூரைச் சரிவைத் தாங்கும் கைமரமும் அந்தக் காலத்தில் கப்பலில் வந்திறங்கிய பர்மா தேக்கு.

வீடு பிரித்த ஆட்களுக்கு முதல் நன்றி. ஜேசிபி வைக்காமல் ஓடுகளை இறக்கி, ஓடு பதியும் மெல்லிய சட்டமான ரீப்பரைக் கழற்றி, கைமரங்களைக் கயிறு கட்டி இறக்கினார்கள். உத்திரத்தை இடித்துத் தள்ளினால் துளையில் பொருந்தும் முனையான கழுந்து முறியும், மரம் நீளவாக்கில் வெடிக்கும். அப்புறம் அது விறகுதான்.

மரம் பார்த்துக் கொடுத்த பெரிய ஆசாரி ஐயாவுக்குப் பட்ட கடன் பெரிது. சுத்தியலால் தட்டிப் பார்த்து, கணீரென்று கேட்டதை எடுத்தார், மொத்தென்று கேட்டதை ஒதுக்கினார். சுவருக்குள் இருந்த முனை ஈரம் குடித்து உளுத்திருக்கும் என்று இரு பக்கமும் ஓரடி நறுக்கச் சொன்னார். வெள்ளைப் பகுதியில் பொடி உதிரும் சிறு துளை கண்ட இடத்தையெல்லாம் வைரம், அதாவது உள்ளிருக்கும் கெட்டி மரம், தெரியும்வரை செதுக்கினோம். முன்பு வேறு மரம் பொருத்தச் செதுக்கிய பழைய வெட்டு உத்திரத்தின் நடுவில் அடிப்பக்கமாக வந்தால் பாரம் ஏறும்போது அங்கேதான் கிழியும். அப்படிப்பட்ட மரங்களைப் புரட்டி, வெட்டை மேலே வரவைத்தவர் அவரே.

மரக்கடைக்காரர் உளுத்த முனையைக் கழித்துத்தான் கன அடி போட்டார். 6 அங்குலத்துக்கு 4 அங்குலம், 12 அடி நீளமென்றால் 2 கன அடி. எடை 35 கிலோவுக்குக் குறையாது. அதைத் தோளில் சுமந்த லோடுமேன்களை மறக்க முடியாது. லாரி ஏற்றுமுன் என்னென்ன ரசீது, அனுமதி வேண்டும் என்று பொறுமையாகச் சொன்ன வனச்சரக அலுவலகத்தாருக்கும் நன்றி.

ஆணி பிடுங்கிய தெருப் பிள்ளைகளே, பாதி வேலை உங்களுடையது. துருப்பிடித்த ஆணியை நேரே இழுத்தால் தலை மட்டும் வரும். முதலில் சுத்தியலால் ஒரு தட்டு உள்ளே தட்டி, பிடிப்பு விட்டபின் இழுக்க வேண்டும். உள்ளே முறிந்து ஆழத்தில் கிடப்பதைக் காந்தம் காட்டாது. அதற்கு மெட்டல் டிடெக்டரை இரவல் தந்தவர் அறுப்பு மில் உரிமையாளர். ஓர் ஆணி போதும், மரம் அறுக்கும் பேண்ட்சா மெஷினின் பிளேடில் பல் போய்விடும். ஒட்டியிருந்த சுண்ணாம்பையும் மணலையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபிறகே இழைக்கும் மெஷினில் விட்டோம். அந்த மணல் பிளேடைச் சீக்கிரம் மழுங்கடிக்கும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதைச் சுரண்டும்போது எல்லோருக்கும் முகக்கவசம் கொடுத்தோம்.

தூண் தரையைத் தொட்டால் கரையானுக்கு வழி. தரைக்கு ஓரடி மேலே கான்கிரீட் பீடம் எழுப்பி, அதன்மேல் தூணின் அடியைத் தாங்கும் இரும்புச் செருப்பு அடித்துக் கொடுத்தார் கொல்லர். மும்முனை மின்சாரம் இழுத்துத் தந்த எலக்ட்ரீஷியனுக்கும் நன்றி.

கதவு, ஜன்னல், ஊஞ்சல் பலகை ஆர்டர்கள் எடுக்கத் தொடங்கிவிட்டோம். மிஞ்சிய ரீப்பர்கள் ஆணி பிடுங்கி, குறுக்குச் சட்டம் வைத்து அடுக்கிக் கிடக்கின்றன. உதவிய வீடுகளில் கோழிக்கூடோ பரணோ கட்ட வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள், காசு வேண்டாம்.

அன்புடன்,
பட்டறையார்