கடையில் போட்டுக்காட்டச் சொல்லி வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கேபிள் கட்டணத்தைப் பற்றி அலுத்துக்கொண்ட வாசகர் ஒருவர், மாதக் கட்டணமே இல்லாத தூர்தர்ஷனின் டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் வாங்கி மாட்டிவிட்டால் கவலை விட்டது என்று எழுதியிருந்தார். நானும் அப்படி நினைத்துத்தான் வாங்கினேன். அதற்கான செட்டாப் பாக்ஸ் பெட்டியைக் குறை சொல்ல வரவில்லை. முதுகுளத்தூரில் என் தையற்கடையில் தினமும் ஓடுகிறது. ஆனால் ஒன்று வாங்க வேண்டிய இடத்தில் இரண்டு வாங்கினேன். அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதல் பெட்டியை விற்றவர், "எல்லாமே வரும்க்கா" என்றார். எல்லாம் என்றால் எது என்று நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து மாட்டிய பிறகுதான் அது எம்பெக்-2 பெட்டி என்று தெரிந்தது. எம்பெக் என்பது படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை. ஃப்ரீ டிஷ்ஷில் சில சேனல்கள் பழைய எம்பெக்-2 முறையிலும் சில புதிய எம்பெக்-4 முறையிலும் வருகின்றன. எம்பெக்-4 பெட்டி இரண்டையும் காட்டும், எம்பெக்-2 பெட்டியில் எம்பெக்-4 சேனல்கள் வரவே வராது. அட்டைப்பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. ஊசியில் நூல் கோக்கிற கண்ணுக்கு அது தெரியாமல் போனது என் தப்புதான்.

சரி, சன், விஜய் சீரியல்கள்? வராது. எந்தப் பெட்டி வாங்கினாலும் வராது. ஃப்ரீ டிஷ், தூர்தர்ஷனையும் அகில இந்திய வானொலியையும் நடத்தும் பிரசார் பாரதி 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் ஆரம்பித்தது. கார்டு, ரீசார்ஜ், மாதத் தவணை எதுவும் கிடையாது. தூர்தர்ஷன் சேனல்கள் வரும், வானொலி நிலையங்கள் வரும், பாடம் நடத்தும் சேனல்கள் வரும். தனியார் சேனல்கள் ஏலத்தில் பணம் கட்டி இடம் பிடிக்கின்றன. பிடிப்பவை பெரும்பாலும் இந்திச் சேனல்கள். தமிழுக்கு டிடி தமிழை நம்பித்தான் வாங்க வேண்டும். எங்கள் தெருவில் ஒருவருக்கு, வைஃபை குச்சி செருகிய பெட்டியைக் கொடுத்துக் கட்டணச் சேனல் எல்லாம் "லைஃப்டைம்" என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கிருந்தோ திருடிக் கொடுக்கிற சமாச்சாரம் அது. மூன்றே மாதத்தில் ஆயுள் முடிந்துவிட்டது.

டிஷ் விஷயத்தில் பயப்பட ஒன்றுமில்லை. மொட்டைமாடியில் பழைய டிடிஹெச் டிஷ் சும்மா கிடந்தால் அதையே திருப்பிக்கொள்ளலாம். ஃப்ரீ டிஷ் சேனல்களை அனுப்புகிற ஜிசாட்-15 என்ற செயற்கைக்கோள் 93.5 டிகிரி கிழக்கில் நிற்கிறது. எங்கள் ஊரிலிருந்து பார்த்தால் தென்கிழக்கே, நல்ல உயரத்தில். மாட்ட வந்த தம்பி டிஷ்ஷை விரல் நுனியால் ஒரு நூல் நகர்த்துவார், கீழே நான் டிவியைப் பார்த்து "ஏறுது, ஏறுது, போச்சு" என்று கத்துவேன். சிக்னலின் பலம் காட்டும் கோடு சும்மாவே பாதி நிறைந்திருக்கும், அதை நம்பாதீர்கள். தரம் காட்டுகிற கோடு ஏற வேண்டும். அது ஏறியதும் நட்டை முறுக்கிவிட வேண்டியதுதான். இதைப் பார்த்த மாமாவுக்கு ஒரே சிரிப்பு. எண்பதுகளில் இந்தப் பக்கத்து வீடுகளில் மூங்கிலில் ஆன்டெனா கட்டி, இலங்கை ரூபவாஹினிக்காக இதே மாதிரி திருப்பிக்கொண்டு நிற்பார்களாம்.

இரண்டாவது பெட்டியை மாமாவுக்காகவே பார்த்து வாங்கினேன். அவருக்கு டிடி தமிழில் விவசாய நிகழ்ச்சி பார்க்க வேண்டும். (2024 ஜனவரியில் பெயரை மாற்றியும் அவருக்கு அது இன்னும் பொதிகைதான்.) அந்த நேரம் வயலில் நிற்பார். யுஎஸ்பி துளை உள்ள எம்பெக்-4 பெட்டி, பென் டிரைவில் பதிவு செய்யலாம் என்றார்கள். மாலை 6 மணிக்கு நேரம் குறித்து வைத்தேன். மறுநாள் போட்டுப் பார்த்தால் வேறு எதுவோ ஓடுகிறது, நிகழ்ச்சியைக் காணோம். மூன்று நாள் இதே கதை. நாலாம் நாள்தான் பெட்டியின் கடிகாரத்தைக் கவனித்தேன். லண்டன் நேரம் ஓடிக்கொண்டிருந்தது! நான் வைத்த 6 மணி நம் ஊரில் இரவு 11.30. மெனுவில் நேர மண்டலத்தை +5.30 என்று மாற்றிய பிறகு ஒழுங்காகப் பதிவாகிறது. சுவர் சுவிட்சை அணைத்துவிட்டாலும் பதிவாகாது. ரிமோட்டில் மட்டும்தான் அணைக்க வேண்டும். மெனுவில் தமிழ் இல்லாததால் மாமாவால் இதையெல்லாம் தானே செய்ய முடியவில்லை. தூர்தர்ஷன் கவனிக்கட்டும்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2007-ல் வந்த சட்டப்படி முக்கியமான ஆட்டங்களைத் தனியார் சேனல்கள் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். அதனால் இந்திய அணி ஆடும் சில ஆட்டங்கள் காசில்லாமல் இதில் கிடைக்கும். என் கொழுந்தனார் ஒருநாள் ஆட்டம் ஒன்றை முழுக்கப் பதிவு செய்ய விட்டுவிட்டு வேலைக்குப் போனார். 32 ஜிபி பென் டிரைவ், ஆனால் 4 ஜிபியிலேயே நின்றுவிட்டது. ஃபேட்32 என்ற முறையில் தயார் செய்த டிரைவில் ஒரு கோப்பு அதற்கு மேல் வளராதாம். சில பெட்டிகள் தாமாகவே அடுத்த கோப்பைத் தொடங்கிவிடும், எங்களுடையது தொடங்கவில்லை. அப்புறம், பதிவாகும்போது நினைத்த சேனலுக்கு மாற்ற முடியாது. உள்ளே இருப்பது ஒரே ட்யூனர், அதாவது சேனலைப் பிடிக்கிற பாகம்.

ஆகவே வாங்கப் போகிறவர்கள், கடையிலேயே டிஷ்ஷில் இணைத்து, எம்பெக்-4 சேனல் ஒன்றைப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் பதிவு செய்து திரும்ப ஓட்டிக்காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போங்கள். புது டிவி வாங்குபவர்கள் உள்ளேயே சேட்டிலைட் ட்யூனர் இருக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள். இருந்தால் தனிப்பெட்டியே வேண்டியதில்லை.

கேபிளை நாங்கள் விடவில்லை. மாதம் 250 ரூபாய் கட்டித்தான் அத்தைக்குச் சீரியல் ஓடுகிறது. ஒரு மாதம் நிறுத்திப் பார்த்தோம். அந்த ஒரு மாதமும் வீட்டில் யாருக்கும் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கவில்லை.

இப்படிக்கு,
தையற்கடை நடத்தும் வாசகி,
முதுகுளத்தூர்.