காலைத் தேவாரத்துக்கும் மாலைக் குத்துப்பாட்டுக்கும் ஒரே பிரிசெட் வேண்டாம்

திருகோணமலையில் கேட்கும் தமிழ் எப்.எம். நிலையங்களின் நிகழ்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும் ஒலிப் பொறியியலாளர்களுக்கும் வணக்கம்.

கலையகத்திலிருந்து போகும் ஒலி வானில் ஏறுமுன் கடைசியாக அதன் அளவைச் சீராக்கும் புரொசசர் ஒன்றைத் தாண்டுகிறது. அதில் ஒரே பிரிசெட்டை (முன்கூட்டியே சேமித்த அமைப்பை) போட்டு விட்டுவிட்டால் விடியற்காலைத் தேவாரம், பின்னேரக் குத்துப்பாட்டு, இரவு மெல்லிசை எல்லாம் ஒரே பிழிவுக்குள் போகும். நேரத்துக்கேற்ப பிரிசெட் மாற வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

சத்தத்தில் மற்ற நிலையத்தை முந்தும் ஆசைதான் பெரும்பாலும் இதைக் கெடுக்கிறது. ஒலிக்கேற்ப நிலையத்தின் அதிர்வெண் எவ்வளவு விலகலாம் என்ற விலகல் எல்லை எல்லோருக்கும் 75 கிலோஹேர்ட்ஸ். அதற்குள் இன்னும் சத்தம் வேண்டுமென்றால் உச்சங்களை வெட்ட வேண்டும். 50 மைக்ரோசெக்கன் பிரி-எம்பசிஸ் (உயர் அதிர்வெண்களை ஏற்றி அனுப்பும் முறை) 5 கிலோஹேர்ட்ஸை 5 டெசிபெல்லுக்கு மேலும், 10 கிலோஹேர்ட்ஸை 10 டெசிபெல்லுக்கு மேலும், 15 கிலோஹேர்ட்ஸை 13 டெசிபெல்லுக்கு மேலும் தூக்கித்தான் அனுப்புகிறது. அதனால் முதலில் வெட்டுப்படுவது ஜால்ராவின் கிணுக்கமும் நாகஸ்வரத்தின் மேற்சுரங்களும் அறிவிப்பாளரின் 'ச', 'ஸ' ஒலிகளும்.

நாகஸ்வரமும் தவிலும்தான் மிகக் கடினமான சோதனை. தவிலில் விரலால் அடிக்கும் பக்கமான வலந்தலையில் கூடு போட்ட விரலடி விழும் கணமே அந்த வாத்தியத்தின் உயிர். உரத்த ஒலியை அமுக்கும் கம்ப்ரெசரின் அட்டாக் (அமுக்கத் தொடங்க அது எடுக்கும் நேரம்) 1 மில்லிசெக்கனில் இருந்தால் அந்த முனை மழுங்கி, காகிதப் பெட்டியைத் தட்டியதுபோல் கேட்கும். 25 முதல் 30 மில்லிசெக்கன் கொடுங்கள், விகிதம் 2:1 (எல்லையைத் தாண்டும் 2 டெசிபெல் 1 ஆகும்), அமுக்கம் 3, 4 டெசிபெல்லுக்குள். எல்லா ஒலியையும் ஒன்றாக அமுக்கும் ஒற்றைப் பட்டைக் கம்ப்ரெசரானால், தவிலின் மறுபக்கமான தொப்பியில் கழி விழும்போதெல்லாம் நாகஸ்வரம் உள்ளே போய் வெளியே வரும். தாழ்ஒலியைத் தனிப் பட்டையாகப் பிரித்தால் அது நிற்கும். ஆலாபனையில் வேறு சிக்கல். பாடகர் மூச்செடுக்கும் இடைவெளியில் ஏஜிசி (சத்த அளவைத் தானாகச் சரிசெய்யும் பகுதி) சுருதிப்பெட்டியை மேலே இழுத்துவிடும், குரல் திரும்ப வந்ததும் அடித்து அமுக்கும். கேட் எல்லையை (ஒலி அதற்குக் கீழே போனால் ஏஜிசி அளவை மாற்றாது) சுருதியின் மட்டத்துக்குச் சற்று மேலே வையுங்கள், இடைவெளியில் அளவு அப்படியே உறைந்து நிற்கும். ஆனால் கூடுதலாக ஏற்றினால் மெல்லப் பாடும் இடங்கள் கீழேயே கிடந்துவிடும். தேவாரத்துக்கும் இதே பிரிசெட் பொருந்தும்.

1950, 60களின் திரைப்பாடல்கள் மோனோ, அதாவது ஒற்றைச் சனல். அவற்றில் 8 கிலோஹேர்ட்ஸுக்கு மேல் இசை குறைவு, இரைச்சல் அதிகம். மேற்பட்டை காலியாக இருக்கிறதென்று நினைத்து மல்டிபேண்ட் (பட்டை பட்டையாகப் பிரித்து அமுக்கும் கம்ப்ரெசர்) அதை உயர்த்தும், பாட்டோடு இரைச்சலும் மூச்சுவிடத் தொடங்கும். அந்தப் பட்டையின் உயர்வுக்கு எல்லை போடுங்கள், ஸ்டீரியோ விரிவாக்கியை அணைத்துவிடுங்கள். கோப்பு இரண்டு சனல்களில் இருந்தால் ஒன்றாகக் கூட்டி மோனோவாக்குங்கள். குரல் அப்படியே நிற்க, இரைச்சல் சுமார் 3 டெசிபெல் இறங்கும். கூட்டுமுன் ஒரு சனலின் துருவம் தலைகீழாக இல்லையா என்று பாருங்கள். இருந்தால் மோனோ றேடியோவில் பாடகரே காணாமற் போவார்.

புதிய திரைப்பாடல்கள் மாஸ்டரிங்கிலேயே பிழிந்து வருகின்றன. உச்சங்கள் ஏற்கெனவே தட்டையானவை, அவற்றைத் திரும்பவும் உச்சங்களை வெட்டும் கிளிப்பருக்குள் தள்ளினால் கரகரப்பைத் தவிர எதுவும் மிஞ்சாது. கிளிப்பர் டிரைவை (அதற்குள் தள்ளும் அளவை) 2, 3 டெசிபெல் குறையுங்கள். அப்போதும் பழைய பாட்டைவிட இவை சத்தமாகவே இருக்கும். 60 ஹேர்ட்ஸில் பாஸை ஏற்றுவதும் வீண்: அது விலகலை விழுங்கும், முச்சக்கர வண்டியின் சின்ன ஸ்பீக்கரில் கேட்கவும் கேட்காது.

பேச்சுக்கு, 'ச', 'ஸ' ஒலிகளின் கூர்மையை அடக்கும் டி-எஸ்ஸர் 5 முதல் 8 கிலோஹேர்ட்ஸில் போதும்.

எந்த அமைப்பும் கெட்ட மூலத்தைக் காப்பாற்றாது. வாட்ஸ்அப்பில் வந்த 128 கேபிபிஎஸ் அளவுக்குச் சுருக்கிய எம்பி3யில் ஒளிந்திருந்த சலசலப்பை மல்டிபேண்ட் தோண்டி வெளியே போடும். பாட்டுகளை நல்ல மூலத்திலிருந்து எடுத்து, சுருக்காத வேவ் கோப்பாகச் சேமியுங்கள். பிரி-எம்பசிஸை புரொசசர், ஒலிபரப்பி இரண்டில் ஒன்றில் மட்டும் வையுங்கள். இரண்டிலும் இருந்தால் எல்லாப் பாட்டும் காதைக் குத்தும்.

நம் ஊருக்கென்று ஒன்று உண்டு. துறைமுகத்தைச் சுற்றிய குன்றுகளில் பட்டுத் திரும்பும் அலை நேராக வரும் அலையோடு மோதுகிறது, ஸ்டீரியோவே முதலில் உடைகிறது. ஸ்டீரியோவை எவ்வளவு விரிக்கிறீர்களோ அவ்வளவு மோசமாகும். எந்தப் பிரிசெட்டிலும் அந்த விரிப்பைக் குறைத்தே வையுங்கள்.

முதலில் ஒரு வாரம் காலை 5 முதல் 6 வரை மட்டும் மாற்றிப் பாருங்கள். ஒரு தடவைக்கு ஒரு திருகை மட்டும் தொடுங்கள். பழையதையும் புதியதையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடுங்கள், ஏனென்றால் சத்தமானது எப்போதும் நல்லதுபோலத் தோன்றும். குறைந்தது இருபது நிமிடம் கேளுங்கள், கலையக மொனிட்டரில் மட்டுமல்ல, மீனவர் வள்ளத்தில் கொண்டுபோகும் பற்றரி றேடியோவிலும். பிரிசெட் மாறும் நேரத்தை அறிவிப்பாளர் பேசும் இடத்தில் வையுங்கள், பாட்டின் நடுவில் வேண்டாம்.

இப்படிக்கு,
திருகோணமலை ஒலித்துறையினர் சிலர்