கூடம் கோணல்தான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் வந்த, ப்ரூட்டல் டெத் மெட்டல் (அதிவேக, கனமான ராக் இசை வகை) குழுக்களின் ஆரம்பகால டெமோ (மாதிரிப் பதிவு) கேசட்டுகள் பற்றிய கட்டுரை, அவை சேற்றில் முக்கியெடுத்தது போலக் கேட்பதற்கு இரண்டே காரணம் சொல்கிறது: வாசித்தவர்களுக்கு வாசிக்கத் தெரியவில்லை, பதிந்தவர்களுக்குப் பதியத் தெரியவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற தொனியில் எழுதப்பட்ட தீர்ப்பு அது. இந்த விஷயத்தில் கூடம் நிஜமாகவே கோணல். அந்தக் கோணலில் பெரும்பங்கு கேசட்டை இன்று ஓட்டும் டெக்கிலும் (கேசட் கருவியிலும்), கையில் இருப்பது எத்தனையாவது நகல் என்பதிலும் இருக்கிறது.

கட்டுரை எடுத்துக்கொண்ட உதாரணத்தையே பார்ப்போம். நியூயார்க்கின் லாங் ஐலண்டைச் சேர்ந்த சஃபகேஷன் குழு 'ரீஇன்கிரிமேட்டட்' டெமோவை வெளியிட்டது 1990இல். 1991இல் ரிலாப்ஸ் இசை நிறுவனம் வழியாக 'ஹ்யூமன் வேஸ்ட்' என்ற குறுந்தொகுப்பு. அதே ஆண்டில் ரோட்ரன்னர் நிறுவனம் வெளியிட்ட 'எஃபிஜி ஆஃப் தி ஃபர்காட்டன்' ஆல்பம், ஃபுளோரிடாவில் டாம்பா நகரின் மோரிசவுண்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் தயாரிப்பாளர் ஸ்காட் பர்ன்ஸ் கையில் உருவானது. ஓராண்டில் ஒரு குழு எவ்வளவு முன்னேறினாலும், டெமோவுக்கும் ஆல்பத்துக்கும் உள்ள இடைவெளி விரலால் மட்டும் வந்திருக்க முடியாது. 'இன்ஃபெக்டிங் தி கிரிப்ட்ஸ்' பாடல் குறுந்தொகுப்பிலும் இருக்கிறது, ஆல்பத்திலும் இருக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அறையும் மைக்கும் எவ்வளவு வேலை செய்கின்றன என்பது ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

இந்த இசையில் வேகம்தான் முதல் சிக்கல். நிமிடத்துக்கு 200 தட்டு என்ற கதியில், ஒரு தட்டுக்கு நான்கு வீதம், காலால் அடிக்கும் கிக் ட்ரம்மின் டபுள் பெடலை மிதித்தால் விநாடிக்கு 13 அடிக்கு மேல் வரும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே 75 மில்லி விநாடி. வெறும் சுவர் கொண்ட நிலவறையில் ஒலி அடங்க அரை விநாடி ஆகிறது என்று வையுங்கள், முதல் அடி அடங்குவதற்குள் மேலும் ஆறு அடி விழுந்துவிடும். அந்தக் குழப்பத்துக்குள் ஒவ்வோர் அடியையும் காதுக்குப் பிரித்துக் காட்டுவது கிக் ட்ரம்மின் 'தொம்' அல்ல, பெடலின் சுத்தி (பீட்டர்) தோலில் படும் 'டக்'. அது 3,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. மேல் அலைவரிசைகள் கரைந்தால் டக் போய்விடும். மிஞ்சுவது லாரி உறுமல். ட்ரம்மர் தடுமாறுகிறார் என்று எழுதுபவர்கள் பல சமயம் கேட்டது அந்த உறுமலைத்தான்.

கிட்டாரின் கதையும் இதேதான். ஆம்ப்ளிஃபயரில் நடு அலைவரிசைகளைக் குடைந்து எடுத்துவிட்டு, அடியையும் உச்சியையும் ஏற்றி வைப்பது அன்றைய வழக்கம். அறையில் நிற்பவருக்கு அது மலை மாதிரி கேட்கும். கேசட் உச்சியைத் தின்றுவிட்டால், நடுப்பகுதி ஏற்கெனவே காலி என்பதால், கையில் தங்குவது வெறும் முனகல்.

உச்சி எங்கே போகிறது? முதல் சந்தேகம் அசிமத் மீது, அதாவது டேப் ஹெட் நிற்கும் கோணத்தின் மீது. நாடாவைப் படிக்கும் அந்த ஹெட்டில் உள்ள நுண்ணிய பிளவு நாடாவுக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். பதிந்த டெக்கில் நின்ற கோணமும் ஓட்டும் டெக்கில் நிற்கும் கோணமும் மயிரிழை மாறினாலே 10,000 ஹெர்ட்ஸுக்கு மேலே தேயத் தொடங்கும். விலகல் கூடக்கூடத் தேய்மானம் கீழே இறங்கி அந்த டக்கையும் தொடும். சரிசெய்வது கடினமல்ல. ஹெட்டின் ஒரு பக்கத்தில் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் சிறு ஸ்க்ரூதான் இடம். காந்தமேறாத ஸ்க்ரூடிரைவர் ஒன்று வேண்டும். திருகுவதற்கு முன் ஸ்க்ரூ நின்ற நிலையைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். சிம்பல் தெளிவாக வரும் பகுதியை ஓட்டி, இரண்டு சேனலையும் மோனோவாக ஒன்றுசேர்த்துக் கேளுங்கள். கோணம் தப்பாக இருந்தால் சிம்பல் தண்ணீருக்குள் சுழல்வது போல ஒரு நெளிவு கேட்கும். கால் சுற்றுக்கும் குறைவாக, மிக மெல்ல, ஒலி பிரகாசமாகும் திசையில் திருகி, உச்சத்தைச் சற்றுத் தாண்டி, மறுபடி உச்சத்துக்கே திரும்பி நிறுத்த வேண்டும். மறுபக்கத்துக்கு இன்னொரு முறை செய்ய வேண்டிவரும். ஒரு கேசட்டுக்குப் பொருத்திய கோணம் அடுத்ததற்குப் பொருந்தும் என்று நம்பக் கூடாது. வேலை முடிந்ததும் ஸ்க்ரூவைக் குறித்த இடத்துக்கே கொண்டுவந்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் முன்பு, கேசட்டின் மேல் விளிம்பில் பதிவுத் தடுப்புப் பல் உடைக்கப்படாமல் இருந்தால் உடைத்துவிடுங்கள். தவறுதலாக ரெக்கார்ட் பட்டனை அழுத்தினால் போனது போனதுதான். ஹெட்டையும், நாடாவை நகர்த்தும் உருளைத் தண்டான கேப்ஸ்டனையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் ஃபெல்ட் துண்டையும் பாருங்கள். பழைய கேசட்டில் அதன் பசை காய்ந்து கழன்றிருக்கும். அது இல்லாமல் ஓட்டினால் ஒலி அலை அலையாக வந்து போகும். வேறொரு கேசட்டிலிருந்து அழுத்துதகட்டோடு எடுத்து மாட்டினால் போதும். கேசட்டின் ஓடு ஸ்க்ரூ போட்டதாக இருந்தால் வேலை சுலபம். ஒட்டிய ஓடு என்றால் கத்தியால் பிளந்து, நாடாச் சுருளையே புது ஓட்டுக்கு மாற்ற வேண்டும்.

அடுத்தது டால்பி, அதாவது நாடா இரைச்சலைக் குறைக்கும் முறை. டால்பி பி போட்டுப் பதிந்ததை அது இல்லாமல் ஓட்டினால் இரைச்சலும் காதைக் கூசவைக்கும் உச்சியும் கூடும். டால்பி இல்லாமல் பதிந்ததை அதைப் போட்டு ஓட்டினால் கம்பளி போர்த்தியது போல மங்கும். டெமோவின் உறையில் டால்பி என்று அச்சிட்டிருந்தாலும், நகல் எடுத்த யாரோ ஒருவர் பொத்தானை மறந்திருக்கலாம். அதனால் உறையை நம்பாமல் இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்துக் காதால் முடிவு செய்ய வேண்டியதுதான்.

நகலின் கணக்கும் உண்டு, ஒவ்வொரு நகலும் தன் இரைச்சலைச் சேர்க்கும். ஒரே தரமுள்ள இரண்டு இரைச்சல்கள் சேர்ந்தால் 3 டெசிபெல் கூடும். நான்கு சேர்ந்தால் 6. தபாலில் கேசட் மாற்றிக்கொண்ட காலத்தில் நான்காவது நகல் என்பது சர்வசாதாரணம். இரட்டை டெக்கில் அவசரத்துக்கு இருமடங்கு வேகத்தில் எடுத்த நகலென்றால் உச்சி மேலும் அடிபட்டிருக்கும். ஆகவே டெமோவைப் பற்றித் தீர்ப்பெழுதும் முன் எந்த நகலைக் கேட்டோம் என்று சொல்வது நியாயம். கட்டுரையில் அந்த ஒரு வரி இல்லை.

நாடாவின் வேகத்தைக் கிட்டாரின் சுருதியை வைத்துச் சரிசெய்யச் சொல்லும் கட்டுரையின் யோசனை ஆபத்தானது. இந்தக் குழுக்கள் கம்பிகளை இறக்கிக் கட்டுகின்றன. 82.4 ஹெர்ட்ஸில் இருக்கும் தடித்த கம்பி 61.7 வரைகூட இறங்கும். எங்கே நிறுத்தினார்கள் என்று தெரியாதபோது அதை அளவுகோலாக வைக்க முடியாது, அரைச் சுருதி தப்பினாலே வேகம் 6 சதவீதம் தப்பும். அதைவிட நல்ல சாட்சி மின்சார ஹம், அதாவது மின்னிணைப்பிலிருந்து வரும் ரீங்காரம். அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். அங்கே பதிந்த டெமோவின் அடியில் அந்த ஹம் மெல்லிய கோடாகக் கிடக்கும். பாட்டு தொடங்குமுன் வரும் மௌனத்தை எடுத்து அலைவரிசைப் படம் போட்டுப் பாருங்கள். 61.8இல் கோடு தெரிந்தால் நாடா 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது. இதில் ஒரு கண்ணி உண்டு. உங்கள் டெக்கும் ஒயரும் சேர்க்கும் ஹம்மை முதலில் நாடா ஓடாமல் பதிந்து, தனியே கழித்துக்கொள்ள வேண்டும். நகல் எடுத்த டெக்குகளும் தம் பங்குக்கு ஒரு கோடு போட்டிருக்கலாம். சற்றே விலகிய இரண்டு மூன்று கோடுகள் தெரிந்தால் நகலின் தலைமுறையையே எண்ணிவிடலாம் போல இருக்கும்!

இரைச்சலை மென்பொருளால் துடைத்துவிட்டால் போதும் என்ற கட்டுரையின் பரிந்துரையைத்தான் ஏற்கவே முடியவில்லை. இடைவிடாமல் அடிக்கும் சிம்பலும், வேக மீட்டலில் இருக்கும் கிட்டாரும் மென்பொருளின் கண்ணுக்கு இரைச்சலாகவே தெரியும். அது அவற்றையும் சேர்த்து விழுங்கிவிட்டு, குமிழி விடும் ஓசை ஒன்றைத் தரும். 60 ஹெர்ட்ஸ் ஹம்மை வெட்டினால் 61.7இல் உள்ள கிட்டாரின் அடிவயிறும் கூடவே போகும். முதலில் 24 பிட்டில், உச்சம் −6 டெசிபெல்லைத் தாண்டாமல், எதையும் தொடாத ஒரு பதிவை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். துடைப்பது, ஏற்றுவது எல்லாம் அதன் நகலில்.

எல்லாக் கோணலும் நாடாவில்தான் என்று நான் சாதிக்கவில்லை. பாடகர் மைக்கின் வலையைக் கையால் பொத்திப் பிடித்தால் அதன் திசைத்தன்மை கெட்டு, பக்கத்தில் அடிக்கும் ஸ்னேர் ட்ரம்மும் குரலோடு உள்ளே வரும். நான்கே தடம் உள்ள கருவியில் மூன்றை ஒன்றாக்கி நான்காவதில் இறக்கிவிட்டால், பிறகு ஸ்னேரை மட்டும் தூக்க யாராலும் முடியாது. அவை பதிவின் உடம்பிலேயே உள்ள தழும்புகள். அவற்றை அப்படியே விட்டுவிட வேண்டும்.

ஒரு திருத்தம். 'டெமோ கேசட் ஓடுகிறது' என்ற குறிப்புடன் கட்டுரையோடு வந்த படத்தில் இருப்பது நான்கு தட ரெக்கார்டர். இவ்வகைக் கருவிகள் பல விநாடிக்கு 9.5 சென்டிமீட்டரில் ஓடுபவை, சாதாரண கேசட்டின் வேகம் 4.76. விற்பனைக்கு வந்த டெமோவை அந்த வேகத்தில் போட்டால் இருமடங்கு வேகத்தில் கீச்சிடும், நான்கு தடத்தையும் ஒரே திசையில் படிப்பதால் மறுபக்கப் பாட்டும் தலைகீழாகச் சேர்ந்து ஒலிக்கும். மாறாக, அதில் பதிந்த மூல நாடாவைச் சாதாரண டெக்கில் போட்டால் எல்லாம் பாதி வேகத்தில், ஒரு ஸ்தாயி கீழே இறங்கி வரும். கட்டுரையாளர் வியக்கும் அந்தப் 'பாதாளக் குரல்' எந்த வேகத்தில் கேட்டது என்பதையும் ஒருமுறை சரிபார்த்துச் சொன்னால் நல்லது.

இப்படிக்கு,
ஒலிநாடாக்களை எண்மப்படுத்தும் வாசகர்