மூன்று சராசரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த இதழில் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ. வீரர்களை ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி, ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (கூடை விழ உதவும் பாஸ்) என்று பார்த்துத் தரவரிசை போட்டிருந்தீர்கள். இந்த மூன்று சராசரியை மட்டும் நம்பினால் பல நல்ல வீரர்களுக்கு அநியாயம் நேரும்.

ஒருவர் 20 ஷாட்டில் 20 புள்ளி எடுக்கிறார், ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்குக் கிடைக்கும் தடையில்லா எறிதல்) கிடையாது. இன்னொருவர் 12 ஷாட், 6 ஃப்ரீ த்ரோவில் அதே 20 எடுக்கிறார். ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையை 0.44ஆல் பெருக்கி, ஷாட்டுகளோடு கூட்டி, அந்தத் தொகையின் இருமடங்கால் புள்ளியை வகுத்தால் முதலாமவருக்கு 50 சதவீதம், அடுத்தவருக்கு 68. உங்கள் பட்டியலில் இருவரும் சமம்.

ரீபவுண்ட் இன்னும் சிக்கல். 2016-17இல் ஓக்லஹோமா சிட்டியின் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் சராசரி 31.6 புள்ளி, 10.7 ரீபவுண்ட், 10.4 அசிஸ்ட். சீசன் முழுக்க ட்ரிபிள்-டபுள் (மூன்று கணக்கிலும் பத்து அல்லது அதற்கு மேல்) சராசரி அதற்கு முன் 1961-62இல் ஆஸ்கர் ராபர்ட்சனுக்கு மட்டுமே உண்டு. அவர் எடுத்தது 12.5 ரீபவுண்ட். ஆனால் அன்று ஆட்டம் படுவேகம், தவறும் ஷாட்டுகளும் ஏராளம். லீக் சராசரியே ஓர் அணிக்கு 70 ரீபவுண்டைத் தாண்டியது. வெஸ்ட்புரூக் காலத்தில் அது 44ஐத் தொடவில்லை. மொத்த ரீபவுண்டில் என்ன பங்கு என்று பார்த்தால் 10.7தான் பெரிது.

அதோடும் விடக்கூடாது. அந்த சீசன் வீடியோவைப் போட்டு, பந்தை விட்டுவிட்டு வெஸ்ட்புரூக்கின் சக வீரர் ஸ்டீவன் ஆடம்ஸை மட்டும் பாருங்கள். எதிரணியின் உயரமான ஆளை முதுகால் மறித்து பாக்ஸ் அவுட் செய்வார். காலியான இடத்தில் விழும் பந்தை வெஸ்ட்புரூக் எடுத்துக்கொண்டு அப்படியே ஓடுவார். ஆடம்ஸ் கணக்கில் எதுவும் ஏறாது. இதை ரீபவுண்ட் திருட்டு என்பதை நான் ஏற்கமாட்டேன். தாக்குதலை நடத்தும் பாயின்ட் கார்டான வெஸ்ட்புரூக்கே பந்தை எடுத்தால் ஒரு பாஸ் மிச்சம். எதிரணி திரும்பி நிற்பதற்குள் தாக்கலாம். அணிக்கு லாபமான உத்தி அது. ஆடம்ஸின் பங்கைச் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

பிளஸ்-மைனஸ், அதாவது ஒருவர் களத்தில் இருக்கும்போது அணி எத்தனை புள்ளி முந்தியது அல்லது பிந்தியது என்ற கணக்கு, இதையெல்லாம் சரிசெய்துவிடும் என்பாரும் உண்டு. 2017 பிளேஆஃபில் (லீக் சுற்றுக்குப் பிந்தைய நாக்அவுட் தொடர்) ஹூஸ்டனிடம் 105-99 என்று தோற்ற ஐந்தாவது ஆட்டத்தில் வெஸ்ட்புரூக் களத்தில் இருந்தவரை அணிக்கு +12. அவர் உட்கார்ந்த சுமார் 6 நிமிடத்தில் -18. இந்த 30 புள்ளி வித்தியாசத்தில் பெரும்பகுதி, மாற்று வீரர்கள் எவ்வளவு பலவீனம் என்பதையே சொல்கிறது.

டிஃபன்ஸை (தடுப்பாட்டத்தை) எண்ணில் பிடிப்பது அதைவிடக் கடினம். 2021இல் யூட்டாவின் ரூடி கோபேர் சிறந்த டிஃபன்ஸ் வீரர் விருதை மூன்றாம் முறை வாங்கினார். அதே ஆண்டு பிளேஆஃபில் எதிரணியான கிளிப்பர்ஸ் ஐந்து பேரையும் கூடைக்குத் தள்ளி வெளியே பரப்பி ஆடியது. யூட்டா 25 புள்ளி முன்னிலையை இழந்த ஆறாவது ஆட்டத்தில் கிளிப்பர்ஸின் டெரன்ஸ் மேன் 39 புள்ளி எடுத்தார். பழி கோபேர் தலையில் விழுந்தது. மேன் ஷாட் போடுவதற்கு ஒரு நொடி முன்பு நடந்ததைப் பாருங்கள்: யூட்டாவின் கார்டுகள் (வெளிப்பக்கம் ஆடும் வீரர்கள்) தங்கள் ஆளைத் தாண்டவிட்டதால்தான் கோபேர் கூடைப்பக்கம் உதவிக்குப் போகிறார், மேன் மூலையில் தனியாக நிற்கிறார்.

அடுத்த பட்டியலில் ஆட்டக் கணக்கை விட்டு 100 பொசஷனுக்கு (அணியின் கையில் பந்து வரும் ஒவ்வொரு முறையும் ஒரு பொசஷன்) எவ்வளவு என்று போடுங்கள். கூடவே மேலே சொன்ன ஷாட் சதவீதமும், அதிக நேரம் சேர்ந்து ஆடிய நால்வர் பெயரும் வேண்டும். வீரருக்கு நான்கைந்து ஆட்டமாவது பந்தில்லாதபோது அவர் செய்வதைப் பார்த்து இரண்டு வரி எழுதினால், அந்தத் தரவரிசையை வைத்து வாசகர்கள் தாராளமாகச் சண்டை போடலாம்.

இப்படிக்கு,
கூடைப்பந்து வாசகர்