எல்லை மாறினால் தொகுதியும் மாறும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தொகுதி வரலாறு என்ற தலைப்பில் வென்றவர்களின் பட்டியலும் வாக்கு வித்தியாசமுமே பெரும்பாலும் அச்சாகின்றன; எல்லை எப்போது, யாரால் மாற்றப்பட்டது என்பது விடுபட்டுவிடுகிறது. தொகுதிகள் காலத்துக்கேற்ப மாற்றியமைக்கப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: இங்கிலாந்தின் ஓல்டு சாரம் தொகுதியில் குடியிருப்போர் ஏறத்தாழ எவரும் இல்லாத நிலையிலும், விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்காளர்கள் (அவர்களும் நில உரிமையாளரின் சொல்லைத் தட்டாதவர்கள்) தொகுதிகளை மாற்றியமைத்த 1832-ஆம் ஆண்டின் சீர்திருத்தச் சட்டம் வரும்வரை இரண்டு உறுப்பினர்களை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிவந்தனர். தொழில் நகரமான மான்செஸ்டருக்கோ அப்போது தனி உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. பெயர் மாறாமல் எல்லை மட்டும் மாறிய தொகுதிகளில் முந்தைய தேர்தலோடு வாக்குகளை ஒப்பிட்டு, செல்வாக்கு சரிந்தது என்று எழுதுவது பொருந்தாது, வாக்களித்தவர்களே வேறு. எனவே, இத்தகைய கட்டுரைகளுடன் பழைய, புதிய எல்லை வரைபடங்களையும் அருகருகே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்