காலை வணக்கக் கூட்டத்தின் செய்தி வாசிப்பிலிருந்து தொடங்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பதின்வயதுப் பிள்ளைகளின் கைப்பேசிப் பழக்கம் பற்றிப் பேச்செடுத்தாலே, அதைப் பிடுங்கி வைப்பதா பூட்டி வைப்பதா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதில் வந்து குவியும் செய்திகளில் எதை நம்புவது, எதை ஒதுக்குவது என்று அவர்களுக்கு யார் கற்றுத்தருகிறார்கள் என்ற கேள்வி எழுவதே இல்லை. தண்டையார்பேட்டையில் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லித்தருபவன் என்ற முறையில் இது குறித்து எழுதுகிறேன்.

வதந்தி உயிரைக் குடிக்கும் என்பதற்கு நாம் தொலைதூரம் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. 2018 மே மாதம், எங்கள் பகுதிக்கு வடக்கே உள்ள பழவேற்காட்டில், குழந்தை கடத்த வந்தவர் என்ற சந்தேகத்தில் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டார். அதே நாட்களில் போளூர் அருகே, கோயிலுக்குச் சென்ற வழியில் குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த சென்னை மூதாட்டி ஒருவரும் இதே சந்தேகத்தால் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு நாடெங்கும் சுற்றிய 'கடத்தல்' காணொளிகளில் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக நடித்து எடுக்கப்பட்டது. தூக்கிச் சென்ற குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்து விடும் இறுதிப் பகுதியை வெட்டிவிட்டுத்தான் அதைப் பரப்பினார்கள். 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பரவியவையும், தொடர்பில்லாத வேறு சண்டைகளின் காட்சிகளே என்று காவல்துறை விளக்க வேண்டியதாயிற்று.

ஆனால், 'வாட்ஸ்அப்பில் வருவது எல்லாமே பொய்' என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது என நினைப்பவர்களோடு நான் உடன்படவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது, பெருங்களத்தூர் அருகே சாலையைக் கடக்கும் முதலையின் காணொளி வந்தது. சுத்தக் கட்டுக்கதை என்றுதான் பலரும் சிரித்தார்கள். அது உண்மை, அப்பகுதி நீர்நிலைகளில் முதலைகள் இருப்பதாகக் கூறி, அச்சப்பட வேண்டாம் என்று வனத்துறை தரப்பிலிருந்தே விளக்கம் வந்தது. எல்லாவற்றையும் நம்பாதிருப்பதும் எல்லாவற்றையும் நம்புவதைப் போன்ற சோம்பேறித்தனமே. காசிமேட்டில் செவுளைத் தூக்கிப் பார்க்காமல் மீன் வாங்காத வீட்டுப் பிள்ளைகளுக்கு, சோதித்துப் பார்த்து எடுத்துக்கொள்வது ஒன்றும் புதிய பழக்கமாகிவிடாது.

கற்றுக்கொடுத்தால் அவர்கள் நம்மை மிஞ்சிவிடுகிறார்கள். எண்ணூர் நெடுஞ்சாலை வெள்ளம் என்று வந்த ஒரு காணொளியை வகுப்பில் ஓடவிட்டேன். பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி நிறுத்தச் சொன்னாள். ஓரமாக நின்ற ஆட்டோ கறுப்பும் மஞ்சளுமாக இருந்ததையும், பின்னால் இருந்த கடைப்பலகையில் மலையாள எழுத்து இருந்ததையும் அவள்தான் சுட்டிக்காட்டினாள். அதன்பின் ஒரு காட்சியை நிறுத்திப் படமெடுத்துக் கூகுள் லென்ஸில் தேடி, அது பழைய கேரள வெள்ளம் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

வடசென்னைப் பிள்ளைகளுக்கு இந்தப் பயிற்சி இன்னொரு காரணத்தாலும் தேவை. வியாசர்பாடியில் ஓர் அடிதடி நடந்தால் 'வடசென்னையில் பயங்கரம்' என்று அரிவாள் படத்தோடு யூடியூபில் தலைப்பு வைக்கிறார்கள். அதே அடிதடி வேளச்சேரியில் நடந்தால் 'தென்சென்னையில் பயங்கரம்' என்று எவரும் எழுதி நான் பார்த்ததில்லை. (நாளிதழ்களும் இதற்கு முழு விலக்கு அல்ல என்பதைத் தாங்கள் பொறுத்தருள வேண்டும்.) தான் வாழும் தெருவைப் பற்றிய செய்தியில் எது நடந்தது, எது எழுதியவரின் ஒட்டுவேலை என்று பிரித்தறியத் தெரியாத பிள்ளை, காலப்போக்கில் அந்த ஒட்டுவேலையையே தன் முகவரியாக ஏற்றுக்கொள்கிறது.

இதற்குப் புதிய பாடநூல் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் பல ஆண்டுகளுக்கு முன்பே அரசுப் பள்ளிகளில் போலிச் செய்தியைக் கண்டறியும் வகுப்புகளை நடத்திக் காட்டினார்கள். நம் பள்ளிகளில் காலை வணக்கக் கூட்டத்தில் திருக்குறளுக்குப் பிறகு செய்தி வாசிக்கும் வழக்கம் ஏற்கெனவே உண்டு. தலைப்புச் செய்தியை ஒப்பித்துவிட்டு இறங்கும் மாணவர், அதைச் சொன்னது யார், செய்தியாளர் நேரில் கண்டதா அல்லது காவல்துறை கூறியதா, வேறொரு நாளிதழ் அதை எப்படி எழுதியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லும்படி செய்யலாம். கூடுதலாக இரண்டு நிமிடம் பிடிக்கும், அவ்வளவுதான். அரசுப் பள்ளிகளின் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களில் மாதம் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்குவதும் கல்வித் துறைக்குப் பெரிய சுமை அல்ல.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். தங்கள் செய்தியாளர் ஒருவரையோ துணை ஆசிரியர் ஒருவரையோ வடசென்னைப் பள்ளிகளுக்கு அவ்வப்போது அனுப்பி, ஒரு தகவல் அச்சேறுவதற்கு முன் யார் யாரிடம் எப்படிச் சரிபார்க்கப்படுகிறது என்பதை, அச்சேறாமல் நிறுத்தப்பட்ட செய்தி ஒன்றையும் எடுத்துக்காட்டி, மாணவர்களுக்கு விளக்கச் செய்ய இயலுமா என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.